மூச்சின் முடிச்சை அவிழ்த்தவர்: சர் ஹென்றி டேல்

மனிதன் ஒரு நாளில் ஏறத்தாழ 20,000 முறை மூச்சு விடுகிறான். மூச்சு திணறும்போதுதான் அதன் அருமையை உணர்கிறான். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள மென்தசை ஏன் திடீரென இறுகுகிறது? இக்கேள்விக்கு வழிதிறந்த அறிஞர்களுள் முன்னவர் சர் ஹென்றி டேல் ஆவார்.

இவர் 1875 ஜூன் 9-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1904-இல் வெல்கம் மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வணிக நிறுவனத்தில் அறிவியல் வளராது என்று நண்பர்கள் தடுத்தனர். ஆயினும் டேல் துணிந்து சென்றார்.

அங்கே, ரை தானியக் கதிரில் வளரும் எர்காட் என்னும் பூஞ்சையை ஆராயும் பணி அவருக்குக் கிடைத்தது. அதிலிருந்து 1910-இல் ஹிஸ்டமின் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கினிப்பன்றிக்குச் செலுத்தியபோது அதன் மூச்சுக்குழாய்கள் இறுகின. மூச்சு முட்டி இறந்தது. ஒவ்வாமை அதிர்ச்சியில் இறக்கும் விலங்கிடமும் இதே அறிகுறிகள்தாம் காணப்பட்டன.

மற்றொரு நாள் தற்செயலாக ஒன்று நிகழ்ந்தது. ஒரு கினிப்பன்றியின் கருப்பைத் தசை, வழக்கமாக எந்த விளைவையும் தராத குதிரைச் சீரம் பட்டதும் வன்மையாகச் சுருங்கியது. வேறொருவராயின் பிழையென்று ஒதுக்கியிருப்பார். டேல் விசாரித்தார். அவ்விலங்கு முன்பே தொண்டை அடைப்பான் எதிர்மருந்துச் சோதனைக்குப் பயன்பட்டது என்பது தெரிந்தது. ஒவ்வாமைக்கும் தசைச் சுருக்கத்துக்கும் உள்ள உறவை விளக்கும் அவரது ஆய்வு 1913-இல் வெளிவந்தது.

இருப்பினும், உடலே ஹிஸ்டமினைச் சுரக்கிறது என்று அவர் அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. சான்று வேண்டுமல்லவா? 1927-இல் அவரது குழு புத்தம்புது நுரையீரலிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் அதைப் பிரித்துக் காட்டியது. 17 ஆண்டுக் காத்திருப்பு அது!

மூச்சுக்குழாயை இறுக்கும் மற்றொரு பொருள் அசிட்டைல்கோலின். நரம்புகள் அதைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன என்று நிறுவியதற்காக, 1936-இல் ஓட்டோ லோவியுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவ்வாய்வில் துணைநின்றவர்களுள் ஒருவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க். ஹிட்லர் ஆட்சியில் யூதர் என்பதால் பணியிழந்த அவருக்குத் தம் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தவர் டேல். 1968 ஜூலை 23-இல், 93-ஆம் வயதில் டேல் மறைந்தார்.

அவர் தொடங்கிய கதை அவரோடு முடியவில்லை. ஹிஸ்டமினைச் சேமித்து வைத்திருக்கும் மாஸ்ட் செல்கள் மூச்சுக்குழாயின் உட்படலத்திலும் உள்ளன. தூசியோ மகரந்தமோ பட்டதும் அதை வெளிவிடுகின்றன. உட்படலத்தின் மேற்பரப்பு செல்களை நீக்கினால் தசை மேலும் கடுமையாகச் சுருங்குகிறது என்று 1985-இல் நாயின் மூச்சுக்குழாயில் கண்டறிந்தனர். நலமான உட்படலம் தசைக்குக் கடிவாளம். புண்பட்ட உட்படலம் கடிவாளமற்ற குதிரை.

இவ்வுண்மை நமக்கும் பயன்படும். புகைமூட்டக் காலங்களில் பலர் இன்ஹேலரை நாடுகிறோம். உடனடி நிவாரண மருந்து தசையை மட்டுமே தளர்த்தும்; அழற்சியுற்ற உட்படலம் அப்படியே இருக்கும். அதனால்தான், பெரியவர்களும் பதின்ம வயதினரும் அம்மருந்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்று 2019-இல் உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி திருத்தப்பட்டது. அழற்சியைத் தணிக்கும் மருந்தை, மூச்சு சீராக இருக்கிறதே என்று நாமாக நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

எதிர்பாராத விளைவைப் பிழையென ஒதுக்காமல் ஏனென்று கேட்டவர் டேல். ஆய்வுக்கூடத்தில் காலடி வைக்கும் நம் மாணவர்கள் அவரிடம் கற்க வேண்டிய முதற்பாடம் அதுவே.