நான்கு மொழிகள் பேசிய ஊரில் பிறந்தவர்

அவ்வூர்க் கடைத்தெருவில் நான்கு மொழிகள் கேட்கும். யூதர் இத்திஷ் மொழியும், அரசாங்க அலுவலர் ரஷ்ய மொழியும், போலந்து மக்கள் போலிஷ் மொழியும் பேசினர். ஜெர்மானியரும் அங்கு வாழ்ந்தனர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. புரியாத இடத்தில் சந்தேகம் புகுந்தது; சந்தேகம் சண்டையாயிற்று. பியாலிஸ்டோக் என்ற அந்த ஊர் அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்கே 1859ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் லுட்விக் ஜாமென்ஹாஃப்.

மனிதர் யாவரும் சகோதரர் என்று வீட்டில் அவருக்குக் கற்பித்தனர். தெருவில் இறங்கினாலோ ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர் என்று பார்க்க முடிந்ததே தவிர, மனிதர் எவரையும் காண முடியவில்லை. எல்லாருக்கும் புரியும் ஒரு மொழி இருந்தால் இந்தச் சுவர் இடிந்துவிடும் என்று அச்சிறுவன் எண்ணினான். சிறுபிள்ளைத்தனம் என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அவன் அந்த எண்ணத்தை விடவேயில்லை.

1873இல் குடும்பம் வார்சா நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் படித்துக்கொண்டே அவர் ஒரு புது மொழியை உருவாக்கினார். 1878 டிசம்பரில் பள்ளித் தோழர்களை வீட்டுக்கு அழைத்து, அம்மொழியின் பிறப்பைப் பாட்டுப் பாடிக் கொண்டாடினார். அப்போது அவருக்கு வயது 19. எங்களைவிட நான்கே வயது மூத்தவர்!

தந்தை மொழியாசிரியர், கண்டிப்பானவர். மகன் பிழைக்கத் தெரியாதவனாகிவிடுவானோ என்று அஞ்சினார். மருத்துவப் படிப்பு முடியும்வரை அம்மொழியைத் தொடக்கூடாது என்று கூறி, எழுதிய தாள்களை வாங்கி வைத்துக்கொண்டார். மகன் திரும்பி வந்தபோது அத்தாள்கள் இல்லை. தந்தையே எரித்துவிட்டார் என்று கூறுவாரும் உண்டு. ஜாமென்ஹாஃப் நினைவிலிருந்து மீண்டும் எழுதத் தொடங்கினார்.

பின்னர் அவர் கண் மருத்துவரானார். ஏழைகளே அவரிடம் மிகுதியாக வந்தனர். ஆகவே வருமானம் குறைவு. 1887இல் மாமனாரின் பொருளுதவியோடு தம் முதல் நூலை வெளியிட்டார். நம்பிக்கை கொண்டவர் என்று பொருள்படும் 'எஸ்பெராண்டோ' என்பதைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். நாளடைவில் அதுவே மொழிக்கும் பெயராயிற்று.

அதன் இலக்கணத்தில் 16 விதிகளே உண்டு. பெயர்ச்சொற்கள் எல்லாம் 'ஓ' என்று முடியும். தந்தை 'பத்ரோ', தாய் 'பத்ரினோ'. நல்ல என்பது 'போனா'. முன்னே 'மல்' சேர்த்தால் கெட்ட என்ற பொருள் வரும். ஆங்கில இலக்கணத்தில் விதிவிலக்குகளை உருப்போட்டே களைத்த எங்களுக்கு இது வியப்பாகவே இருந்தது.

ஆயினும் எங்களைக் கவர்ந்தது வேறொன்று. தாய்மொழியை விடும்படி அவர் எவரையும் கேட்கவில்லை. வீட்டில் அவரவர் மொழி. அயலாரோடு இந்த மொழி. இது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாததால், பேசுவோரில் உயர்ந்தவர், தாழ்ந்தவர் இல்லை. இருவருமே பாதி வழி நடந்து வருகின்றனர். எங்கள் வகுப்பிலும் ஆங்கிலம் சரளமாகப் பேசும் தோழியர் முன்னிலையில் விடை தெரிந்தும் வாய் திறவாதோர் உண்டு. அவர்களுக்கு இந்தக் கருத்து உடனே விளங்கும்.

1905இல் பிரான்சு நாட்டின் கடற்கரை ஊராகிய போலோனில் முதல் உலக மாநாடு கூடியது. 20 நாடுகளிலிருந்து வந்த 600க்கும் மேற்பட்டோர் மொழிபெயர்ப்பாளரின்றி உரையாடினர். தம் மொழியின்மேல் தமக்கு எவ்வித உரிமையும் வேண்டாம் என்று ஜாமென்ஹாஃப் அறிவித்துவிட்டார்.

மறு ஆண்டே அவருடைய சொந்த ஊரில் யூதர்கள்மேல் கொடிய தாக்குதல் நடந்தது, பலர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஜெனீவா மாநாட்டில் அவர் அந்தத் துயரத்தை எடுத்துரைத்தார். மொழி புரிந்தால் மட்டும் போதாது, சமயத்தாலும் இனத்தாலும் எழுந்த பகையும் தீர வேண்டும் என்று அவர் மேலும் உறுதியாகப் பேசலானார். இளவயதில் எண்ணியதைத் தாமே திருத்திக்கொண்ட இந்த நேர்மையை அவர் கண்ட மொழியினும் பெரிதாகவே நாங்கள் மதிக்கிறோம்.

1914 ஆகஸ்டில் பாரிஸ் மாநாட்டுக்கு ஏறத்தாழ 3,700 பேர் பதிவு செய்திருந்தனர். அவரும் மனைவி கிளாராவும் ஜெர்மனியைக் கடக்கும்போது உலகப் போர் மூண்டது. மாநாடு நடக்கவில்லை, வடநாடுகளைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பினர். போர் ஓயுமுன்பே, 1917 ஏப்ரல் 14ஆம் நாள், ஜெர்மானியப் படைகள் பிடித்திருந்த வார்சாவில் அவர் காலமானார்.

அவருக்கு மக்கள் மூவர். மகன் ஆதாமை 1940இல் நாஜிகள் சுட்டுக் கொன்றனர். மகள்கள் சோபியாவும் லிடியாவும் 1942இல் ட்ரெப்ளிங்கா முகாமில் மாண்டனர். தந்தையின் மொழியைப் பல நாடுகளில் கற்பித்தவர் இந்த லிடியா.

அவர் பிறந்து 150 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டு, 2009ஆம் ஆண்டு எஸ்பெராண்டோ உலக மாநாடு பியாலிஸ்டோக்கில் கூடியது. பல நாட்டினரும் அந்தத் தெருக்களில் அவருடைய மொழியைப் பேசி நடந்தனர். ஆனால் அந்தத் தெருக்களில் முன்பு ஒலித்த இத்திஷ் மொழியைப் பேச, ஊரில் ஏறக்குறைய எவருமே எஞ்சியிருக்கவில்லை.