உறங்காவில்லி தாசர்

காவிரியின் தென்கரையில் உள்ள உறையூர் முற்காலச் சோழரின் தலைநகராய் விளங்கியது. இன்று திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதியாய் உள்ளது. வைணவ ஆசாரியர் இராமாநுசர் (1017–1137) திருவரங்கத்தில் வாழ்ந்த நாளில், இவ்வூரில் அரசப் பணி புரிந்த மல்லர் ஒருவர் இருந்தார். மக்கள் அவரை உறங்காவில்லி என்று அழைத்தனர். வடமொழி நூல்கள் தனுர்தாசர் என்னும். அவர்தம் மருமக்கள் இருவரும் வண்டவில்லி, செண்டவில்லி எனப் பெயர் பெற்றிருத்தலின், வில் அக்குடிக்கு உரிய கருவி என்று எண்ண இடமுண்டு.

வில்லெல்லாம் ஒரு தன்மையன அல்ல. அடர்ந்த புதரிடையே விலங்கைத் தொடரும் வேடனுக்குக் கிளைகளிற் சிக்காத குறுவில்லே ஏற்றது. வெளியிடத்தில் நெடுந்தொலைவு எய்வோனுக்கு நெடுவில் கைகொடுக்கும். எதுவாயினும் தோள்வலிக்கு மிஞ்சிய வில் பயன்படாது. நாணை இழுத்துக் குறிபார்க்கும் முன்னரே கை நடுங்கிவிடும். வேட்டை முடிந்ததும் வேடன் நாணைக் கழற்றி வில்லுக்கு ஓய்வு தருவான். நாண் பூட்டியபடியே கிடந்தால், மூங்கிலாயினும் மரமாயினும் வளைந்தே நின்று விசை குன்றும். காவலனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. பகைவன் வரும் வேளையை அறியான் ஆதலின், அவன் வில் இரவெல்லாம் நாணேறியே இருத்தல் வேண்டும். உறங்காவில்லி என்னும் பெயர் அத்தகைய காவலனுக்கு எவ்வளவு பொருத்தமானது!

இவ்வீரர் தம் மனைவி பொன்னாச்சியின் கண்ணழகில் உள்ளத்தைப் பறிகொடுத்தவர். திருவரங்கத்து விழாவிலும், வெயில் படாவண்ணம் அவளுக்குக் குடை பிடித்து, அக்கண்களையே நோக்கி நடந்தார். ஊரார் நகைத்தனர். காவிரியில் நீராடி வந்த இராமாநுசர் நகைத்திலர். அவற்றினும் அழகிய கண்களைக் காட்டுவதாகக் கூறி, அவரை அரங்கன் திருமுன் நிறுத்தினார். பள்ளிகொண்ட பெருமானின் விழிகளைக் கண்ட வில்லிக்கு உறையூர் வாழ்வு கசந்தது. கணவனும் மனைவியும் திருவரங்கத்திலேயே குடியேறினர்.

காவல் தொழில் மட்டும் மாறவில்லை. பெருமாள் வீதியுலா வரும்போது உருவிய வாளுடன் உடன் நடப்பார். நெருங்கிய கூட்டத்தில் வில்லால் ஆவது ஒன்றுமில்லை அன்றோ! ஆயினும் அவ்வாள் பிறர்மேல் வீசுதற்கன்று. பெருமானுக்கு ஊறு நேரின் தம் உயிரை மாய்த்துக்கொள்ளவே அதனை ஏந்தினார் என்று வைணவ மரபு கூறும்.

நீராடிக் கரையேறும்போது இராமாநுசர் அவர் கையைப் பற்றி வருவது வழக்கம். குலத்தால் தாழ்ந்தவர் எனத் தாம் கருதிய ஒருவரை நீராடியபின் தீண்டுவதோ என்று சீடர் சிலர் முணுமுணுத்தனர். ஆசிரியர் ஓரிரவு வில்லியைத் தம்மிடம் இருத்திக்கொண்டு, பொன்னாச்சியின் அணிகளைக் கவர்ந்துவருமாறு அச்சீடரை ஏவினார். அவர்கள் ஒருபுறத்து அணிகளைக் கழற்றியதும், உறங்குவார் போற் கிடந்த அவ்வம்மையார், மறுபுறத்தனவும் அவர்களுக்கு உதவட்டும் எனப் புரண்டு படுத்தார். விழித்துக்கொண்டார் என அஞ்சி அவர்கள் வெளியே ஓடி மறைந்து நின்றனர். வீடு திரும்பிய வில்லி செய்தியறிந்து மனைவியைக் கடிந்துகொண்டார். அணிகள் போனதற்காக அன்று, அவள் அசையாது கிடந்திருப்பின் வந்தவர் முழுதும் பெற்றிருப்பரே என்பதற்காக. மறைந்து கேட்ட சீடரோ, உலர்த்திய ஆடையில் ஒரு துண்டு கிழிபட்டதற்கே முன்னாள் தமக்குள் பூசலிட்டவர்கள். கேட்டதை அவ்வாறே ஆசிரியரிடம் உரைத்தனர். அதன்பின், காவிரிக் கரையில் இராமாநுசர் யார் கையைப் பற்றி ஏறினும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.