நைன்சுக்கின் தூரிகை

இமயமலைச் சாரலிலுள்ள குலேரில், 1710ஆம் ஆண்டளவில், ஓவியர் பண்டிட் சேவுவின் இளைய மகனாகப் பிறந்தார் நைன்சுக். தமையனார் மானக்கு அடர்வண்ணங்களை விரும்பினார். இவரோ வெளிறிய பின்புலத்தில், அணில்மயிர்த் தூரிகையால் நுண்கோடுகளை அடுக்கி, கன்னத்தின் நிழலையும் ஆடையின் மடிப்பையும் காட்டினார். தாளைக் கவிழ்த்து மணிக்கல்லால் தேய்க்க, வண்ணங்கள் ஒளிர்ந்தன.

ஜஸ்ரோட்டா இளவரசர் பல்வந்த் சிங் நைன்சுக்கை ஆதரித்தார். இளவரசரை வேட்டையிலும் இசையரங்கிலும் மட்டுமன்று, போர்வைக்குள் ஒடுங்கி அமர்ந்திருந்த நிலையிலும் நைன்சுக் தீட்டினார். வேறோர் அரசகுமாரர் அதற்கு இசைந்திருப்பாரா என்பது ஐயமே!

1763இல் பல்வந்த் சிங் மறைந்தார். அவருடைய அஸ்தியைக் கங்கையில் கரைக்க ஹரித்வார் சென்றோருள் நைன்சுக்கும் ஒருவர். வழியில் இளைப்பாறிய அப்பயணத்தையும் அவர் ஓவியமாக்கினார். ஹரித்வாரில், புரோகிதரின் ஏட்டில் தம் குலவழியைத் தம் கையாலேயே எழுதி, அருகில் ஒரு கோட்டோவியமும் வரைந்து வைத்தார்.