ஜேம்ஸ் ஜேமர்ஸனும் அவர்தம் மாறாத் தந்தியும்

மாளிகையைக் காண்பார் அதன் மாடத்தையும் சித்திர வேலையையும் வியப்பர். மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் அடிக்கல்லை நினைப்பார் மிகச் சிலரே. நம் நாட்டுக் கச்சேரிகளிலும் பாடுவாரைப் பாராட்டி மகிழும் நாம், தொடக்கமுதல் முடிவுவரை பின்னிருந்து சுருதி காத்த தம்புராக்காரரின் பெயரைக் கேட்டறிந்து வருகின்றோமா? மேனாட்டு இக்கால இசையில் அடிக்கல்லின் தொழிலைச் செய்வது பேஸ் கித்தார் என்னும் நான்கு தந்திக் கருவியாகும். அக்கருவியைக் கொண்டு, உலகமெலாம் கேட்டு மகிழ்ந்த பாடல்கள் பலவற்றிற்கு அடிநிலை அமைத்தும், தம் பெயர் வெளிப்படாமலே நெடுங்காலம் உழைத்தவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். அவர் வரலாற்றைச் சுருக்கமாக ஈண்டுக் கூற முற்படுகின்றோம்.

இவ் வரலாற்றை நாம் நாடிய காரணத்தையும் சொல்லிவிடுவது முறை. சென்ற கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்கு நம் மாணவர் இசைக்குழு ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தபொழுது, நண்பரொருவர் தமது பேஸ் கித்தாருக்குப் புதிய தந்திகள் வாங்கி வந்தார். அவை ‘பிளாட்வவுண்ட்’ எனப்படும் தட்டைச் சுற்றுத் தந்திகள். பழைய இசைத்தட்டுக்களிற் கேட்ட கனிந்த முழக்கம் அன்றே தம் கருவியிலும் எழும் என்று அவர் எண்ணியிருந்தார். எழுந்ததோ கணீரென்ற உலோக ஒலி. ஒரு வாரத்திலே அவற்றைக் கழற்றிவிடத் துணிந்தவரை, குழுவின் மூத்தவர் ஒருவர் தடுத்து, ஜேமர்ஸனைப்பற்றிப் படித்துவிட்டுப் பின் செய்வதைச் செய்க என்றார். நண்பரோடு நாமும் படிக்கலானோம்.

ஜேமர்ஸன் 1936 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29 ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் நகரை அடுத்த எடிஸ்டோ தீவிற் பிறந்தார். கறுப்பின மக்கள் அடிமைத்தனத்தின் சுவடு மாறாத வறுமையிலும் ஒதுக்கத்திலும் வாழ்ந்த கடற்கரைப் பகுதி அது. ஆலயப் பாடலும் வேலைக்களப் பாடலும் அம்மக்களின் செல்வம். அவற்றைக் கேட்டே சிறுவர் வளர்ந்தார். மூங்கிற் கழியொன்றில் ரப்பர் நாடாவைக் கட்டி எறும்புப் புற்றில் நட்டு மீட்டி, அவ்வொலிக்கு எறும்புகள் ஆடுகின்றன என்று கண்டு களித்தார் என்று அவர் இளமையைக் குறித்துக் கூறுவதுண்டு. பின்னாளில் கோடிக்கணக்கான மாந்தரின் காலைத் தாளமிடச் செய்தவரின் முதற் கச்சேரி எறும்புக் கூட்டத்தின் முன்னே நிகழ்ந்தது போலும்!

1954 இல் தாயோடு வாழும்படி டெட்ராயிட் நகருக்கு வந்தார். மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகருக்கு, தென்னாட்டுக் கறுப்பின மக்கள் பிழைப்பை நாடிப் பெருந்திரளாகக் குடியேறிய காலம் அது. நார்த்வெஸ்டர்ன் உயர்நிலைப் பள்ளியில் ஆளுயரமுள்ள டபிள் பேஸ் கருவியைப் பயின்று, விரைவிலே ஊரிலுள்ள ஜாஸ் விடுதிகளில் வாசிக்கும் திறம் எய்தினார். 1959 இல் பெர்ரி கார்டி என்பார், மேற்கு கிராண்ட் பூல்வார்டு 2648 ஆம் எண்ணுள்ள வீட்டை வாங்கி, அதனுள்ளே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று அமைத்தார். அதுவே பின்னர் மோட்டவுன் என்று உலகப் புகழ் பெற்ற நிறுவனத்தின் பிறப்பிடம். அங்கே கூலிக்கு வாசித்த கலைஞர் குழுவிற்கு ஃபங்க் பிரதர்ஸ் என்று பெயர். பியானோவில் ஏர்ல் வான் டைக், முரசில் பென்னி பெஞ்சமின், கித்தாரில் ராபர்ட் வைட் முதலியோரோடு, பேஸ் கருவியில் ஜேமர்ஸன் அமர்ந்தார்.

மின்சாரப் பேஸ் கித்தார் அக்காலத்தில் இளங்கருவி. கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் என்பார் 1951 இல் ‘பிரிஸிஷன்’ என்ற பெயரோடு அதனை விற்பனைக்குக் கொணர்ந்தார். டபிள் பேஸைத் தூக்கிச் செல்லும் துன்பமும், முரசொலியில் அதன் ஓசை அமிழ்ந்துபோகும் குறையும் இதனால் நீங்கின. அறுபதுகளின் தொடக்கத்தில் ஜேமர்ஸனும் இக்கருவிக்கு மாறினார். நண்பரொருவர் கொடுத்த முதற் கருவி களவுபோயிற்று. பின் வாங்கிய 1962 ஆம் ஆண்டுப் பிரிஸிஷன் கருவியே அவர்தம் வாழ்நாட் துணையாயிற்று. அதன் தண்டின் அடியில் ஃபங்க் என்ற சொல்லைத் தம் கையாற் பொறித்துக்கொண்டார்.

அக்கருவியில் அவர் பூட்டியவை லா பெல்லா நிறுவனத்தாரின் தட்டைச் சுற்றுத் தந்திகள். இத் தந்தியின் அமைப்பைச் சிறிது விளக்குதும். பேஸ் தந்தி தனிக்கம்பியன்று. நடுவே எஃகுக் கம்பியொன்றும், அதன்மேல் நெருக்கமாகச் சுற்றிய வேறொரு கம்பியும் உண்டு. மேற்கம்பி உருண்டையாயின் தந்தி விரலுக்குச் சொரசொரப்பாகவும், ஒலி கணீரென்றும் இருக்கும். இதனை ரவுண்ட்வவுண்ட் என்பர். மேற்கம்பி நாடாப்போலத் தட்டையாயின் தந்தி வழவழப்பாகும். விரல் நகரும்பொழுது கீச்சொலி எழாது. மெட்டுக்களும் விரைவில் தேயா. மேலோசைகள் அடங்கி அடியோசை மேம்படும்.

ஆயினும் புதிய தட்டைச் சுற்றுத் தந்தியில் இக்குணம் முற்றும் விளங்காது. நாடாச் சுற்றுக்களின் இடுக்குகள் வெறுமையாயிருக்கும் வரையில் உலோகத்தின் கணகணப்பு மிஞ்சியே நிற்கும். நாடோறும் வாசிக்க வாசிக்க, விரலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் நுண்தூசியும் அவ்விடுக்குகளிற் படிந்து, விரைந்து துடிக்கும் மேலோசைகளை முதலில் அடக்கும். அடியோசையோ குன்றாது நிற்கும். இங்ஙனம் தந்தி பழகுவதற்கு வாரங்களும் திங்களும் செல்லும். இதற்குக் குறுக்கு வழி இல்லை. நம் நண்பர் அறியாதிருந்தது இதுவே.

தந்தியைத் தேர்வதிலும் பொருத்துவதிலும் கருத வேண்டியவை சில உள. பருமன் மிகுந்தால் இழுவிசையும் மிகும், ஒலி திண்மையுறும், விரல் அதிகம் உழைக்கவேண்டும். ஜேமர்ஸன் தந்திகளின் பருமன் மெல்லியதில் 0.052 அங்குலம், தடித்ததில் 0.110 அங்குலம். இக்காலத்தார் பலர் 0.045 முதல் 0.105 வரையுள்ள தொகுதியையே கொள்கின்றனராதலின், அவருடையது கனத்த தந்தியே என்க. கனத்த தந்தி பூட்டினால் தண்டு முன்னோக்கி வளையும். ஆதலின் சில நாள் பொறுத்து, தண்டினுள் ஓடும் இரும்புக் கம்பியைத் திருகிச் செவ்வை செய்தல் வேண்டும். மிகுந்த நுனியை அறுக்குமுன் அறுக்கும் இடத்தைச் செங்கோணமாக மடக்கிக்கொள்ளுதலும் வேண்டும். இல்லையேல் நாடாச் சுற்று அவிழ்ந்து தந்தி பாழாம். பழகுவது விரலா தந்தியா என்று ஐயுறுவார்க்கு, இரண்டும் ஒருங்கே பழகுகின்றன என்பதே விடை.

ஜேமர்ஸன் தம் தந்திகளை அறுந்தாலன்றி மாற்றியதில்லை. இசையின் சாரம் அத் தந்திகளில் ஏறிய அழுக்கிலே தங்கியிருக்கின்றது என்பது அவர் கொள்கை. குதிரையின் மூடிக்கடியில் நுரைப்பஞ்சை வைத்து ஒலியின் நீட்சியைக் குறைத்தார். அவர் கருவியில் தந்திகள் மெட்டுக்களுக்கு மிக உயரத்தில் நின்றமையால் பிறர் அதனை வாசிக்க வருந்துவர். டபிள் பேஸிற் பழகிய அவர் கைக்கோ அது எளிதாயிற்று. வலக்கையில் சுட்டுவிரல் ஒன்றே மீட்டும். அவ்வொரு விரலுக்குக் கொக்கி என்ற பட்டப்பெயரும் வழங்கிற்று.

அவ் விரலின் வினையைக் கேளீர். டெம்ப்டேஷன்ஸ் குழுவினர் பாடிய ‘மை கேர்ள்’ என்னும் பாட்டின் தொடக்கத்தில் முதலில் ஒலிப்பது ஜேமர்ஸனின் பேஸ் ஒன்றே. கித்தார் அதன் பின்னரே வருகின்றது. 1967 இல் ஃபோர் டாப்ஸ் குழுவினர் பாடிய ‘பெர்னடெட்’, அதே ஆண்டில் ஸ்டீவி வொண்டர் பாடிய ‘ஐ வாஸ் மேட் டு லவ் ஹெர்’ முதலியவற்றில் அவர் வாசிப்பு தாளத்திற்குக் காவல் நின்றதோடு அமையாது, பாடுவாரோடு உரையாடும் இரண்டாம் குரலாக ஓடுகின்றது. அதற்குமுன் பேஸ் வாசிப்போர் பெரும்பாலும் சுரத்தின் அடிநிலையைக் காட்டி அமைவர். ஜேமர்ஸன் ஜாஸிலே கற்ற இடைச் சுரங்களையும் எதிர்த்தாளத்தையும் எளிய பாடல்களுட் புகுத்தினார். இங்கிலாந்தில் பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னியும் அவர் வாசிப்பிலிருந்து கற்றார்.

இத்துணைச் சிறப்பும் இருந்தும், இசைத்தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை! பாடியோர் படமும் பெயரும் உலகெங்கும் பரவ, வாசித்தோர் அன்றன்றைய ஊதியத்தோடு வீடு சென்றனர். 1971 இல் மார்வின் கே வெளியிட்ட ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்னும் தொகுதியின் உறையிலேதான் வாசித்தோர் பெயர்கள் முறையாகப் பொறிக்கப்பட்டன; ஜேமர்ஸன் ஒப்பற்றவர் என்ற அடைமொழியோடு அங்கே குறிக்கப்பெற்றார். பன்னிரண்டு ஆண்டு உழைப்பிற்குப்பின் கிடைத்த சிறு மரியாதை அது.

அம்மரியாதைக்குப் பின் நன்னாள் நீடிக்கவில்லை. 1972 இல் மோட்டவுன் நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குப் பெயர்ந்தது. அடுத்த ஆண்டு ஜேமர்ஸனும் அங்கே சென்றார். ஆயினும் பழைய தோழர் குழு அங்கில்லை. அதற்குள் காலத்தின் சுவையும் மாறிற்று. கணீரென்ற உருட்டுச் சுற்றுத் தந்தியும், கட்டைவிரலால் அடித்து வாசிக்கும் முறையும், எளிய அமைப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் வேண்டப்பட்டன. ஜேமர்ஸன் தந்தியையும் மாற்றவில்லை, முறையையும் மாற்றவில்லை. வேலை குறைந்தது. நெடுநாளாகவே பற்றியிருந்த குடிப்பழக்கம் அவர் உடலையும் தொழிலையும் அரித்தது. இதனை மறைத்தெழுதுதல் அவர்க்குப் புகழாகாது, நமக்கும் பயனாகாது.

1983 ஆம் ஆண்டு மோட்டவுன் நிறுவனத்தின் இருபத்தைந்தாம் ஆண்டு விழா பாஸடீனா நகரில் நிகழ்ந்தது. தம் இசையால் வளர்ந்த நிறுவனத்தின் விழாவைச் சீட்டு வாங்கிய பார்வையாளராக மேல்மாடத்தில் அமர்ந்து கண்டு மீண்டார் ஜேமர்ஸன். அவ்வாண்டே அவர் கருவி களவுபோயிற்று. சில நாட்களில், ஆகஸ்டுத் திங்கள் 2 ஆம் நாள், ஈரல் நோயின் விளைவுகளால் தமது நாற்பத்தேழாம் வயதில் உயிர் நீத்தார். டெட்ராயிட் நகரத்து வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

பிற்காலம் அவரைத் தேடி வந்தது. 1989 இல் அவர் வரலாறும் வாசிப்பும் நூலாயின. 2000 ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில், பின்னிருந்து வாசித்தோர்க்கென்று புதிதாக ஏற்பட்ட வரிசையில் முதன்முதற் சேர்க்கப்பெற்றவர்களுள் அவரும் ஒருவர். 2002 இல் ஃபங்க் பிரதர்ஸ் குழுவின் கதை திரைப்படமாயிற்று. லா பெல்லா நிறுவனத்தார் அவர் பூட்டிய பருமனுள்ள தொகுதிக்கு அவர் பெயரையே சூட்டி விற்கின்றனர். உறையிற் பெயரில்லாதிருந்தவர்க்குத் தந்தி உறையிற் பெயர் வந்தது!

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்வது யாது? மாறாமை நன்றா, தீதா? இதனைக் குறித்து நம் குழுவில் வழக்கு நிகழ்ந்தது. மாறாத தந்தியே அவர்க்குப் புகழ் தந்தது; மாறாத அவரையே காலம் புறக்கணித்தது. ஆழ்ந்து நோக்குமிடத்து, அவர் இருவகையில் மாறாதிருந்தார் எனக் காண்கின்றோம். கலையில் மாறாமை அவர் தேர்ந்துகொண்டது. அதனால் வேலை போயினும் அவர் இசை அழியவில்லை. குடியில் மாறாமையோ அவரைத் தேர்ந்துகொண்டது; அது அவரையே அழித்தது. பெயரெல்லாம் பற்றுறுதி என்றே இருப்பினும், இரண்டும் ஒன்றல்ல. எதனைப் பற்றி நிற்கின்றோம், எது நம்மைப் பற்றி நிற்கின்றது என்று பிரித்தறிதல் இளைஞராகிய நமக்கு இன்றியமையாதது.

நம் நண்பர் தந்திகளைக் கழற்றவில்லை. நாடோறும் மாலையில் ஒரு மணி நேரம் வாசித்துவந்தார். தவக்காலம் முடிந்து உயிர்த்தெழுந்த திருநாளன்று பாடகர் குழுவின் பின்னே அக்கருவி ஒலித்தபொழுது, பழைய கணகணப்பு அடங்கி, கோயிற் சுவர்களுக்கு அடியிலிருந்து எழுவதுபோன்ற கனிந்த ஓசை வந்தது. கேட்டோர் பாடகரைப் பாராட்டிச் சென்றனர். கித்தார்க்காரரை ஒருவரும் கேட்டறிந்திலர். அவரோ கருவியைத் துடைத்து உறையிலிட்டார். தந்திகளை மட்டும் துடைக்கவில்லை.