அடுக்களையில் பிறந்த அளவுகோல்

அறிவு என்பது சர்வகலாசாலைச் சுவர்களுக்குள் மட்டுமே விளையும் பயிர் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். பட்டம் இல்லாதவன் பேச்சைச் செவிமடுக்கவும் அவர்கள் கூசுவர். அத்தகையோர் ஜெர்மானியப் பெண்மணியான ஆக்னஸ் பொக்கல்ஸ் அம்மையாரின் வரலாற்றை ஒருமுறையேனும் ஊன்றி நோக்க வேண்டுமென்பது நமது விருப்பம்.

அம்மையார் 1862-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 14-ந் தேதி வெனிஸ் நகரில் பிறந்தார். அந்நகரம் அப்போது ஆஸ்திரியாவின் ஆதிக்கத்தில் இருந்தது. தகப்பனார் ஆஸ்திரிய ராணுவத்தில் ஓர் அதிகாரி. மலேரியாச் சுரம் குடும்பத்தை வாட்டவே, அவர் காலத்துக்கு முன்பே உத்தியோகத்தினின்று விலகி, 1871-ல் குடும்பத்துடன் ஜெர்மனியிலுள்ள பிரௌன்ஷ்வைக் நகரில் குடியேறினார். அந்நகரின் பெண்கள் உயர்தரப் பாடசாலையிலே ஆக்னஸ் கல்வி பயின்றார். பௌதிக சாஸ்திரத்தில் அவருக்கு அடங்காத ஆர்வம் உண்டாயிற்று. ஆனால் அக்காலத்தில் ஜெர்மன் சர்வகலாசாலைகளின் கதவுகள் பெண்களுக்கு மூடப்பட்டிருந்தன. பிரஷ்யா ராஜ்யத்தில் அவை முறைப்படி திறக்கப்பட்டது 1908-ல்தான். அப்போது அம்மையாருக்கு வயது 46.

அவருடைய தம்பி பிரீட்ரிக் மூன்று வயது இளையவர், ஆண்பிள்ளை. ஆகவே அவர் கோட்டிங்கென் சர்வகலாசாலைக்குச் சென்றார். பின்னர் பெயர்பெற்ற பௌதிக ஆசிரியராகவும் விளங்கினார். தமக்கையோ வீட்டில் நின்று, நோயுற்ற பெற்றோருக்குப் பணிவிடை செய்து, சமையலையும் குடும்பத்தையும் நடத்தினார். ஒரே வயிற்றில் பிறந்த இருவருக்கு உலகம் வகுத்த நீதி இது. எனினும் அத்தம்பி நன்றி மறந்தவரல்லர். தாம் கற்ற நூல்களைத் தமக்கைக்கு அனுப்பி வந்தார். பகலெல்லாம் வீட்டு வேலை; கிடைத்த ஓய்வில் கணிதமும் பௌதிகமும். இவ்வாறு அம்மையார் தமக்குத் தாமே ஆசிரியரானார்.

பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெய்ப் பசை படர்வதை நாள்தோறும் காணாத இல்லம் எது? கண்டவர் கோடி, எண்ணிப் பார்த்தவர் ஒருவர். தண்ணீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய மெல்லிய தோல் போன்ற ஓர் இழுவிசையை உடையது. அதன்மேல் எண்ணெய் படருங்கால் அவ்விசை குறைகிறது. எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு குறைகிறது? இதை அளந்துவிட வேண்டுமென்று அம்மையார் துணிந்தார். அப்போது அவருக்கு ஏறக்குறைய இருபது வயது.

அவர் அமைத்த கருவியோ மிக எளியது. 70 சென்டிமீட்டர் நீளமும், 5 சென்டிமீட்டர் அகலமும், 2 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு தகரத் தொட்டி. அதில் விளிம்பு வரை தண்ணீர். அதன் குறுக்கே நீரைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் ஒரு தகரத் துண்டு. அத்துண்டை நகர்த்தினால் ஒரு புறத்துப் பரப்பு சுருங்கும், மறுபுறம் விரியும். 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறு வட்டத் தகட்டை நீரின் மேல் படியவைத்து, அதைப் பிரித்தெடுக்க எவ்வளவு எடை வேண்டியிருக்கிறதென்று ஓர் இலேசான தராசினால் அளந்தார். அந்த எடையே இழுவிசையின் அளவு. அழுக்குப் படிந்த பரப்பைத் தகரத் துண்டினால் ஒதுக்கித் தள்ளித் தூய பரப்பைப் பெறும் வழியையும் அவரே கண்டார்.

இதனால் வெளியான உண்மை வியக்கத்தக்கது. எண்ணெய் படிந்த பரப்பு விரிந்து கிடக்கும்போது, இழுவிசை தூய நீரினுடையதைப் போலவே இருக்கிறது. பரப்பைச் சுருக்கிக்கொண்டே வந்தால், ஒரு குறித்த எல்லையில் அது திடீரென்று குறையத் தொடங்குகிறது. படலத்தின் மூலக்கூறுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கும் எல்லை அதுவேயென்று பின்னர் விளங்கிற்று. அதாவது, கண்ணுக்குப் புலப்படாத மூலக்கூறின் பருமனை ஒரு தகரத் தொட்டியைக் கொண்டு மதிப்பிடலாம் என்றாயிற்று.

ஏறக்குறைய பத்து வருஷ காலம் இந்த ஆராய்ச்சியை உலகம் அறியவில்லை. 1890-ல் இங்கிலாந்தின் ராலே பிரபு நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலத்தைப் பற்றி ஆராய்வதாக அம்மையார் அறிந்தார். 1891 ஜனவரி 10-ந் தேதி, தம்மால் இவற்றைப் பத்திரிகைகளில் வெளியிட இயலவில்லையென்று கூறித் தமது முடிவுகளையெல்லாம் அவருக்கு ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். ராலே பிரபுவின் மனைவியார் கடிதத்தை மொழிபெயர்த்தார். அதன் முற்பகுதி தாம் நடந்துகொண்டிருந்த அதே பாதையில் தமக்கு முன்னரே சென்றிருப்பதைப் பிரபு கண்டார். பெயரற்ற ஒரு பெண்ணின் கடிதத்தைக் குப்பைக் கூடையில் இட்டிருந்தால் கேட்பார் யார்? அவர் அங்ஙனம் செய்யவில்லை. தமது சிபார்சுடன் 'நேச்சர்' பத்திரிகைக்கு அனுப்பினார். மார்ச் 12-ந் தேதி அது அம்மையாரின் பெயராலேயே வெளிவந்தது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அப்பெரியாரின் புகழுக்கு இந்நேர்மையும் ஓர் அணியென்றே நாம் கருதுகிறோம்.

1899-ல் ராலே பிரபு அந்த எல்லையில் படலம் ஒரே மூலக்கூறு கனமுடையதென்று விளக்கினார். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால், அதில் ஏறக்குறைய ஒரு கூறே அக்கனம். 1917-ல் அமெரிக்க விஞ்ஞானி லாங்மியூர் அம்மையாரின் தொட்டி முறையைத் திருத்தி விரிவாக்கினார். 1932-ல் மேற்பரப்பு ரசாயனத்துக்காக நோபல் பரிசு பெற்றார். தொட்டிக்கு இன்று வழங்கும் பெயரும் லாங்மியூருடையதே. அதே 1932-ல் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பக் கல்லூரி அம்மையாருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. எந்தக் கல்லூரிப் படியையும் மாணவியாக மிதிக்க இயலாத அவருக்கு அப்போது வயது 70. 1935 நவம்பர் 21-ந் தேதி அதே நகரில் அவர் காலமானார்.

இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போருக்கும் விடையுண்டு. 1957-ல் கிளெமென்ட்ஸ் என்ற அமெரிக்க வைத்தியர், நுரையீரலின் சாற்றை இத்தகைய தொட்டியிலிட்டு அதன் இழுவிசையை அளந்தார். குறைமாதத்தில் பிறந்து மூச்சுத் திணறி மாளும் சிசுக்களின் நுரையீரலில், இழுவிசையைத் தணிக்கும் படலப் பொருள் போதாமலிருப்பதை 1959-ல் மேரி எல்லன் ஏவரி அம்மையாரும் ஜீர் மீடும் கண்டறிந்தனர். அப்பொருளை வெளியிலிருந்து ஊட்டிச் சிசுக்களைக் காக்கும் சிகிச்சை 1980 முதல் பரவிற்று. அடுக்களையில் பிறந்த அளவுகோல், தொட்டிலில் கிடக்கும் உயிரைக் காக்க உதவிற்று.

இவ்வரலாற்றிலிருந்து தவறான பாடம் கற்போரும் இருக்கலாம். திறமையிருந்தால் எந்தத் தடையையும் வெல்லலாம். ஆகவே தடைகளால் கேடில்லை என்று அவர்கள் வாதிப்பர். இவ்வாதத்தை நாம் ஒப்ப மாட்டோம். நூல் அனுப்ப ஒரு தம்பி, கடிதத்தைப் படிக்க ஒரு பிரபு: இவ்விருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் அம்மையாரின் பெயர் நமக்கு எட்டியிராது. தம்பியும் பிரபுவும் வாய்க்காமல் எத்தனை அடுக்களைகளில் எத்தனை அறிவுகள் அவிந்துபோயின என்பதற்குக் கணக்கில்லை. ஒருவர் சுவரேறிக் குதித்தார் என்பது சுவருக்குப் பெருமையாகாது. தேசத்தின் நலம் நாடுவோர் செய்யத்தக்கது, தாண்டியவரைப் புகழ்வதோடு நில்லாமல் சுவரை இடிப்பதேயாகும்.