பர்மா வானில் பறந்த காங்கிரஸ் தலைவரின் பேரன்

1885-ல் காங்கிரஸின் முதல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் உமேஷ் சந்திர பானர்ஜி. அவருடைய மகள் வயிற்றுப் பேரனான கருண் கிருஷ்ண மஜும்தார், ஆங்கிலேயர் ஆட்சியில் விமானப் படை அதிகாரியானார். ஜம்போ என்பது சக வீரர்கள் அவருக்கு இட்ட பெயர்.

கொல்கத்தாவில் 1913-ல் பிறந்த மஜும்தார், இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் பயிற்சி பெற்றார். 1933-ல் கராச்சியில் தொடங்கப்பட்ட முதலாவது ஸ்குவாட்ரனில் பணியாற்றி, 1941-ல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

1942 பிப்ரவரித் தொடக்கத்தில் அந்த ஸ்குவாட்ரன் பர்மாவின் டூங்கூ விமானத் தளத்தை அடைந்தது. வந்த வேகத்திலேயே ஜப்பானியரின் குண்டுவீச்சு தொடங்கியது. இந்தியர்களிடம் இருந்தவையோ லைசாண்டர் விமானங்கள். தரைப்படைக்கு உளவு பார்க்க உருவாக்கப்பட்ட, வேகம் குறைந்த வகை. அவற்றில் ஒன்றில் 250 பவுண்டு குண்டுகளைப் பொருத்திக்கொண்டு, தாய்லாந்தின் மே ஹாங் சான் தளத்தை மஜும்தார் தாக்கினார். மறுநாள் ஸ்குவாட்ரன் முழுவதையும் அங்கே வழிநடத்திச் சென்றார். உளவு விமானப் பிரிவு ஒன்று அயல்மண்ணில் குண்டுவீச்சுப் பிரிவாக மாறியது இவ்வாறுதான். அவ்வாண்டே அவருக்கு டி.எஃப்.சி. விருது வழங்கப்பட்டது.

அதே 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வெடித்தது. தாத்தா தலைமை வகித்த கட்சியின் தலைவர்கள் சிறையில் இருக்க, பேரன் பேரரசின் சீருடையில் இருந்தார். எனினும், போர்முனையில் விமானப் பிரிவை வழிநடத்த இந்தியரால் இயலுமா என்ற ஐயத்துக்கு அவருடைய பணியே விடையானது. பின்னர் 7-வது, 8-வது ஸ்குவாட்ரன்கள் வெஞ்ஜன்ஸ் ரகக் குண்டுவீச்சு விமானங்களுடன் பர்மா முனையில் போரிட்டன.

1944-ல், பதவி நிலை குறைவதையும் பொருட்படுத்தாமல், மஜும்தார் ஐரோப்பியப் போர்முனைக்குச் சென்றார். பிரிட்டிஷ் விமானப் படையின் 268-வது ஸ்குவாட்ரனில் சேர்ந்து, பிரான்ஸ் மீது பறந்து எதிரி நிலைகளைப் படமெடுத்தார். இதற்காக அவருக்கு இரண்டாவது முறையாக டி.எஃப்.சி. கிடைத்தது.

1945 பிப்ரவரி 17-ல் லாகூரில் சாகசப் பறப்பின்போது ஹரிக்கேன் விமானம் விழுந்து நொறுங்கியதில் அவர் உயிரிழந்தார். வயது 31.

விடுதலைக்குப் பின்னும் விமானப் படைத் தலைமை ஆங்கிலேயரிடமே இருந்தது. 1954-ல்தான் சுப்ரதோ முகர்ஜி அப்பதவிக்கு வந்த முதல் இந்தியரானார். கராச்சியில் ஒரே ஸ்குவாட்ரனாகத் தொடங்கிய படைக்கு, 1984-ல் தென்கோடியில் திருவனந்தபுரத்திலும் தலைமையகம் அமைந்தது. இந்தியரின் ஆற்றலைப் போர்க்களத்தில் மெய்ப்பித்த மஜும்தார், நாட்டின் விடுதலையைக்கூடக் காணவில்லை.