23 வருட பர்பன் பாட்டிலில் சுருட்டு பற்றவைக்கும் அந்தத் தாத்தா யார்?

இன்ஸ்டாவில் விஸ்கி ரீல்ஸ் பார்க்கிறவர்களுக்கு அந்த பாட்டில் பழக்கமாகியிருக்கும். பழைய பாணி லேபிள், நடுவில் கறுப்பு வெள்ளையில் ஒரு பெரியவர், வாயில் சுருட்டு. பெயர் பாப்பி வான் விங்கிள். பட்டியல் விலை சில நூறு டாலர்தான், ஆனால் அந்த விலைக்குக் கடையில் கிடைக்கவே கிடைக்காது. கைமாறும்போது பல ஆயிரம் டாலர். என் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அமைதியாக ஸ்க்ரோல் பண்ணிப் போய்விட்டேன். ஆனால் அந்த முகம் விடவில்லை. யார் இவர் என்று தேட ஆரம்பித்தால், கதை வேறு எங்கோ போகிறது.

முதல் ஆச்சர்யம், அவர் விஸ்கி காய்ச்சத் தெரிந்த ஆள் இல்லை. சேல்ஸ்மேன்!

ஜூலியன் ப்ராக்டர் வான் விங்கிள், 1874-ல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்ற ஊரில் பிறந்தவர். 1893-ல், இன்னும் 20 வயதுகூட ஆகாத நிலையில், லூயிவில் நகரில் இருந்த டபிள்யூ.எல்.வெல்லர் அண்ட் சன்ஸ் என்ற மொத்த வியாபார நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். குதிரை வண்டியில் சாம்பிள் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலை. இப்போது நாம் டார்கெட், டார்கெட் என்று புலம்புகிற அதே வேலைதான், ரோடு மட்டும் மோசம். வருஷக்கணக்கில் அலைந்தார். கடைசியில், கூட வேலை பார்த்த அலெக்ஸ் ஃபார்ன்ஸ்லியுடன் சேர்ந்து அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார்.

அப்புறம்தான் அடி விழுந்தது. 1920-ல் அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு. விஸ்கியை மட்டுமே விற்கத் தெரிந்த ஒருவருக்கு 45 வயதில் இப்படி ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? பலர் கடையை மூடிவிட்டுப் போனார்கள். பாப்பிக்கு ஒரு கதவு திறந்திருந்தது. மருந்தாக விஸ்கி விற்க அரசு ஆறு நிறுவனங்களுக்கு மட்டும் லைசென்ஸ் கொடுத்தது. அதில் ஒன்று, இவருக்கு நெருக்கமான ஏ.பி.எச்.ஸ்டிட்ஸெல் டிஸ்டில்லரி. டாக்டர் சீட்டு எழுதித் தருவார், மெடிக்கல் ஷாப்பில் ஒரு பைண்ட் பாட்டில் வாங்கலாம். காய்ச்சல், இருமல், மனக்கவலை... சீட்டில் என்ன எழுதியிருந்தால் என்ன, சரக்கு ஒன்றுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். 1929 வரை புதிதாக விஸ்கி காய்ச்ச அனுமதியே இல்லை. அப்படியென்றால் சீட்டுக்கு விற்றதெல்லாம் மதுவிலக்குக்கு முன்பே பீப்பாயில் ஊற்றி வைத்த பழைய சரக்கு. விற்க விற்க இருப்பு குறைந்தது, மிச்சமிருந்ததற்கு வயது கூடிக்கொண்டே போனது. யாரும் ஆசைப்பட்டு வயதாக்கவில்லை, வேறு வழியில்லாமல் அது பீப்பாயிலேயே கிடந்தது. 12, 15 வருடம் ஆன பர்பன் மருந்துக்கடைக்கு வந்தது இப்படித்தான்.

பீப்பாயில் கிடந்தால் நல்லதுதானே என்று தோன்றும். பர்பன் விஷயத்தில் அப்படி இல்லை. சட்டப்படி அதில் குறைந்தது 51 சதவிகிதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உட்புறம் கருக்கிய புத்தம்புது ஓக் பீப்பாயில்தான் ஊற வேண்டும். ஸ்காட்ச் பெரும்பாலும் ஏற்கெனவே பயன்படுத்திய பீப்பாயில் ஊறும், ஸ்காட்லாந்தின் குளிரும் சேர்ந்து எல்லாமே மெதுவாக நடக்கும். கென்டக்கியில் கோடை கொளுத்தும். சூட்டில் சரக்கு விரிந்து மரத்துக்குள் புகும், குளிரில் சுருங்கி வெளியே வரும். வெனிலா, கேரமல் வாசனை, அந்தச் செம்பழுப்பு நிறம் எல்லாம் மரம் கொடுப்பது. ஆனால் மரத்துக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாதே! கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் வருவது துவர்ப்பு. அதிக நேரம் கொதித்த டீயைக் குடித்தால் நாக்கு காய்ந்து இழுக்குமே, அதேதான். டேஸ்ட் பண்ணுகிறவர்கள் வயதான பர்பனில் முதலில் தேடுவது, பழமும் இனிப்பும் இன்னும் உயிரோடு இருக்கின்றனவா, இல்லை மரம் எல்லாவற்றையும் தின்றுவிட்டதா என்றுதான்.

ஆவியாகிப் போவது தனி நஷ்டம். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 200 லிட்டர். வருடத்துக்கு 4 சதவிகிதம் போகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 23 வருடம் கழித்து 80 லிட்டர்கூடத் தேறாது.

சரி, பாப்பிக்கு வருவோம். மதுவிலக்கு 1933 டிசம்பரில் முடிந்தது. 1935 மே மாதம், கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தய நாளில், லூயிவில்லை ஒட்டிய ஷைவ்லியில் ஸ்டிட்ஸெல்-வெல்லர் என்ற புது டிஸ்டில்லரி திறந்தார்கள். பாப்பிக்கு அப்போது 61 வயது. மற்றவர்கள் ரிட்டயர் ஆகிற வயதில் இவர் ஃபேக்டரி திறக்கிறார்! காய்ச்சும் பொறுப்பு வில் மெக்கில் என்ற மாஸ்டர் டிஸ்டில்லரிடம். பாப்பியின் வேலை, சரக்கில் யாரும் கை வைக்காமல் காவல் இருப்பது. வாசலில் ஒரு பலகை: லாபம் வந்தாலும் சரி, நஷ்டம் வந்தாலும் சரி, நல்ல பர்பன்தான் செய்வோம் என்ற அர்த்தத்தில். கெமிஸ்டுகளுக்கு இங்கே வேலை இல்லை என்கிற மாதிரி இன்னொரு பலகை. இதைக் கொஞ்சம் விளம்பரத் தந்திரமாகவும் பார்க்கலாம், மனுஷன் சேல்ஸ்மேன் ஆச்சே. ஆனால் சரக்கும் பேசியது.

அவர்களின் ஸ்பெஷல் கோதுமை. மற்ற கம்பெனிகள் மக்காச்சோளத்துடன் ரை என்ற தானியத்தைச் சேர்ப்பார்கள். அது மிளகு மாதிரி ஒரு காரம் தரும். ஸ்டிட்ஸெல்-வெல்லரில் அதற்குப் பதில் கோதுமை. காரம் குறைந்து மென்மை கூடும். காரமும் துவர்ப்பும் மோதாததால், வருடங்கள் ஏறினாலும் கோதுமை பர்பன் தாங்கும் என்று ரசிகர்கள் சொல்வார்கள். ஓல்டு ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பிராண்டை மதுவிலக்கு காலத்திலேயே வாங்கி வைத்திருந்தார் பாப்பி. அதையும் கோதுமைக்கு மாற்றினார். பத்திரிகைகளில் அதற்கான விளம்பரத்தைத் தானே கதை மாதிரி எழுதுவார்.

இப்போதுதான் ட்விஸ்ட். பாப்பியின் பெயரை வைத்து 20, 23 வருட பர்பன் விற்கிறார்களே, பாப்பி தன் வாழ்நாளில் அப்படி ஒன்றை விற்றதே இல்லை. அவர் பெரும்பாலும் விற்றது 50 சதவிகித ஆல்கஹாலில், இளவயதுச் சரக்கு. ரொம்ப ஸ்பெஷல் என்றால் 8 வருடம், பிற்பாடு 10, 12. காரணம் ருசி மட்டும் இல்லை, வரி. பீப்பாய்க்கு 8 வருடம் ஆனதும், விற்றாலும் விற்காவிட்டாலும் வரி கட்டியாக வேண்டும். 1958-ல்தான் அந்த வரம்பை 20 வருடமாக உயர்த்தினார்கள். அப்போது பாப்பிக்கு 84.

1965 பிப்ரவரியில், 91-ஐத் தொட ஒரு மாதம் இருக்கும்போது இறந்தார். கிட்டத்தட்ட கடைசிவரை ஆபீஸ் போனவர்.

அடுத்த ஏழு வருடத்தில் டிஸ்டில்லரி கையைவிட்டுப் போனது. நாடு வோட்கா பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, பர்பன் அப்பாக்களின் டிரிங்க் ஆகிவிட்டது. மகன் ஜூலியன் ஜூனியருக்கு மனமில்லை. ஆனாலும் 1972-ல் விற்றார்கள். அவர் பழைய சரக்கை வாங்கி, ஓல்டு ரிப் வான் விங்கிள் என்ற பெயரில் சின்னதாக வியாபாரம் நடத்தினார். 1981-ல் அவரும் போக, பேரன் மூன்றாம் ஜூலியன் தொடர்ந்தார். யாருக்கும் வேண்டாத வயதான பீப்பாய்கள் அப்போது மலிவாகக் கிடைத்தன. வெவ்வேறு டிஸ்டில்லரிகளின் சரக்கு. அதை பாட்டிலில் அடைத்து, தாத்தா படத்தை ஒட்டினார். 1990-களின் பிற்பாதியில் 20 வருட பாட்டிலுக்கு பெவரேஜ் டெஸ்டிங் இன்ஸ்டிட்யூட் 100-க்கு 99 மார்க் போட்டது. அங்கே ஆரம்பித்ததுதான் இன்றைய பைத்தியம். அந்த நேரத்தில், 1992-லேயே, ஸ்டிட்ஸெல்-வெல்லரில் காய்ச்சுவது நின்றுபோயிருந்தது. 2002 முதல் பஃபலோ ட்ரேஸ் டிஸ்டில்லரியில்தான் வான் விங்கிள் சரக்கு தயாராகிறது. 2013-ல் அங்கிருந்து பாட்டில்கள் திருடு போனது அமெரிக்கா முழுக்கச் செய்தி.

டேஸ்டர்கள் 15, 20, 23 மூன்றையும் வரிசையாக வைத்துச் சோதிப்பார்கள். டியூலிப் பூ வடிவ கிளாஸ், வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்வது, முதல் மடக்கு நாக்கைப் பழக்க மட்டும், இரண்டாவதில்தான் தீர்ப்பு, பிறகு சில துளி தண்ணீர் விட்டு மறுபடி. 23-ல் மரம் ஜெயித்துவிடுகிறது என்பது பலரின் குறை. அவர்களின் ஓட்டு 53.5 சதவிகிதத்தில் வரும் 15-க்கு. விலையில் 23 எங்கோ மேலே நிற்கிறது. லேபிளில் மூன்றிலும் அதே தாத்தா, அதே சுருட்டு.